கம்ப்யூட்டர் படுத்தால் கணக்கு வழக்கு அம்போ!
3 காப்பி இருந்தால் கவலை இல்லை

தர்மபுரி—

பீரோவுக்கு இரண்டு பூட்டு. சாவிக் கொத்து இடுப்பில். ஆனால் கடைக் கணக்கும் கல்யாண போட்டோவும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்! அது படுத்து விட்டால்?

ஹார்டு டிஸ்க் என்றைக்காவது ஒரு நாள் மக்கர் செய்யத்தான் செய்யும். திருட்டு, தீ, இடி மின்னல் வேறு. 2024 டிசம்பரில் பெஞ்ஜல் புயல் மழை அரூர் வட்டாரத்தை என்ன பாடு படுத்தியது என்பது ஊரறிந்தது. வெள்ளம் புகுந்தால் கம்ப்யூட்டரும், அதே மேஜையில் வைத்த காப்பியும் சேர்ந்தே போகும்.

மர்ம ஆசாமிகள் கைவரிசை

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்களில் மர்ம ஆசாமிகள் புகுந்து, தகவல்களைத் திறக்க முடியாதபடி பூட்டி விட்டார்கள். பல நாட்கள் சீட்டு எழுதுவதெல்லாம் கையால்தான். கடைசியில் காப்பாற்றியது எது? பாதிக்கப்படாத இன்னொரு சர்வரில் இருந்த காப்பி! மத்திய அரசே இதைப் பாராளுமன்றத்தில் தெரிவித்தது.

3, 2, 1

"பென் டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேனே, போதாதா?" என்பார்கள் பலர். போதாது. அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய கணக்கு இது:

அசலோடு சேர்த்து 3 பிரதி. 2 வகை சாதனம். 1 பிரதி வெளியிடத்தில். வீடு தர்மபுரி டவுனில் என்றால், பாலக்கோட்டு மாமா வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க் இருக்கட்டும். இன்டர்நெட்டில் சேமித்தாலும் சரி.

எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் மறுபடி எடுத்துக் கொள்ளலாம். செத்துப் போன தாத்தாவின் போட்டோவை யார் தருவார்கள்? அதுதான் முதலில்!

கடைக் கணக்கை தினமும், போட்டோக்களை மாதம் ஒருமுறையும் காப்பி எடுங்கள். எடுத்ததும் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி விடுங்கள். மாட்டியே வைத்தால், வைரஸ் அதையும் விடாது.

திறந்து பார்த்தீர்களா?

1998-ல் அமெரிக்காவில் "டாய் ஸ்டோரி 2" கார்ட்டூன் படத்தின் பைல்கள் தவறுதலாக அழிந்தன. காப்பியைத் தேடினால், அதுவும் சரியில்லை! குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த பெண் அதிகாரியின் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் கை கொடுத்தது. மறு வருடம் படம் ரிலீஸ்!

எனவே மாதம் ஒருமுறை காப்பியிலிருந்து இரண்டு பைல்களைத் திறந்து பாருங்கள். திறக்காத காப்பி, காப்பியே அல்ல!