பாசிக்கு யார் பணம் போட்டது?

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் பக்கம் போனால், பாக் விரிகுடாக் கரையோரம் மூங்கில் மிதவைகள் கண்ணில் படும். ஒவ்வொன்றும் பன்னிரண்டடிச் சதுரம். குறுக்கே ஓடும் கயிறுகளில் சுமார் 60 கிலோ விதைப்பாசியைக் கிள்ளிக் கிள்ளி முடிந்து கடலில் இறக்குவது பெரும்பாலும் பெண்கள். அடியில் வலை கட்ட மறந்தால் மீன்கள் மேய்ந்துவிடும். 45 நாளில் 200 கிலோவைத் தாண்டிவிடும் இந்தப் பாசியை ஊரில் ‘பெப்சி பாசி’ என்கிறார்கள். அறிவியல் பெயர் கப்பாபைகஸ்.

பெப்சிக்குப் பெயர் கிடைத்தாலும், முதல் காசு போட்டது அரசு. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1984-இல் ஜப்பானிலிருந்து இதைக் கொண்டுவந்தது. குஜராத் கடலில் பழக்கி, 1990-களின் நடுவில் மண்டபத்தில் இறக்கியது. அதன் பிறகே பெப்சிகோ உரிமம் வாங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் லாபக் கணக்கு கேட்கும் முதலாளி எவரும் பொறுத்திருக்க மாட்டார். பச்சைப் பாசியைப் பிழிந்து பயிருக்குத் தெளிக்கும் சாறு, சக்கையிலிருந்து ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் கராஜீனன் என இரண்டையும் எடுக்கும் காப்புரிமையும் அதே நிலையத்துடையது.

அப்புறம் கடல் சூடானது. 2013 வாக்கில் பாசி கூட்டமாக அழுகிச் செத்தது. துண்டு ஒடித்தே தலைமுறை தலைமுறையாக வளர்த்ததால் எல்லாம் ஒரே வம்சம். ஒன்றுக்கு ஆகாதது எதற்கும் ஆகவில்லை.

சூடு தாங்கும் புது ரகம் வேண்டும். பலிக்குமா என்று தெரியாத அந்த வேலைக்குப் பணம் எங்கே?

பெரிய தொகைகள் இல்லாமல் இல்லை. 2023 சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டு இலக்கு 50,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். 2025-இல் ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியோ, ஆய்வகத்தில் ஓரளவு நிரூபணமான தொழில்நுட்பத்துக்கு நீண்டகாலக் கடனும் முதலீடும் தருவது. விதை தேடும் கட்டத்தில் இருப்பவருக்கு அது எட்டாது. மண்டபம் இருக்கும் இதே மாவட்டத்தில், வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவது எப்போதுமே சுலபம்.

இன்னொரு செலவும் உண்டு. அருகிலுள்ள குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் இந்தப் பாசி படர்ந்ததை 2008-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் வெளியிட்டது. அதைக் கண்காணிக்கும் ஆய்வில் எந்தக் கம்பெனிக்கும் வரவு இல்லை; அது மானியத்தை நம்பித்தான் நடக்க வேண்டும்.