கச்சேரிக்கு லீவு

டிசம்பர் 26, காலை ஒன்பதரை மணி. பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு சந்துக்குள் இருக்கும் டீக்கடை. மற்ற நாளாக இருந்தால் இந்த நேரத்தில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. கறுப்பு கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருக்கும் வக்கீல்கள், கேஸ் கட்டுகளை அணைத்துப் பிடித்த குமாஸ்தாக்கள், வாய்தாவுக்காக ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து கண் எரியும் கட்சிக்காரர்கள் என்று கடை நிறைந்து வழியும். அன்று மாஸ்டர் பாய்லர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“கோர்ட்டுக்கு கிறிஸ்துமஸ் லீவு சார். புது வருஷம் பொறந்து தொறந்தாதான் நமக்குப் பொழப்பு” என்றபடி இரண்டு டீயை ஆற்றி நீட்டினார்.

கூட வந்திருந்தவன் அண்ணன் மகன். குரூப்-2 தேர்வுக்குப் படிக்கிறான். எங்கே போனாலும் கையில் ஒரு நோட்டு இருக்கும். அது நிறைய ஆண்டுகளும் தேதிகளும். ஒரு வாய் குடித்துவிட்டு நோட்டைப் பிரித்தான்.

“சித்தப்பா, இதப் பாருங்க. காங்கிரஸ் முதல் மாநாடு 1885 டிசம்பர் 28. முஸ்லிம் லீக் ஆரம்பிச்சது 1906 டிசம்பர் 30. ஜன கண மன முதல்ல பாடினது 1911 டிசம்பர் 27. கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாடு 1925 டிசம்பர் 26. லாகூர்ல ராத்திரி கொடி ஏத்தினது 1929 டிசம்பர் 31. எல்லாம் ஒரே வாரத்துல வந்து விழுது. படிச்சா ஒன்னோட ஒன்னு குழம்புது. வருஷக் கடைசின்னா மட்டும் சரித்திரத்துக்கு என்ன இவ்வளவு அவசரம்?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் அவன் நோட்டில் இல்லை. மாஸ்டர் சற்று முன் அலுத்துக்கொண்டாரே, அதில் இருந்தது.

முதலில் தேதிகளை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். தானாக வந்தவை ஒரு பக்கம், ஆள் பார்த்து நாள் குறித்தவை ஒரு பக்கம். இசையமைப்பாளர் நௌஷாத் லக்னோவில் பிறந்தது 1919 டிசம்பர் 25. அவர் இசையில் ‘பைஜு பாவ்ரா’ படத்துக்குப் பாடிய முகமது ரஃபி பிறந்தது 1924 டிசம்பர் 24. மெட்டுப் போட்டவருக்கும் பாடியவருக்கும் அடுத்தடுத்த நாளில் பிறந்தநாள் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் குழந்தை காலண்டர் பார்த்துப் பிறப்பதில்லை. 1972-ல் ராஜாஜி மறைந்தது டிசம்பர் 25. 2004-ல் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்து, நாகப்பட்டினம் வரை ஆழிப்பேரலை வந்தது டிசம்பர் 26. கடலுக்கு ஏது நாள், கிழமை? இந்தத் தேதிகளை எல்லாம் சேர்த்து, இந்த வாரத்துக்கு ஏதோ ராசி உண்டு என்று முடிச்சுப் போட்டால் அது ஜோசியம்.

அவன் நோட்டில் இருந்த ஐந்தும் வேறு வகை. ஐந்திலும் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி ஆட்கள் வந்து ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள். அவர்கள் வர வேண்டுமானால் அவர்களுக்கு லீவு இருந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, யாருக்கு எப்போது லீவு என்பதுதான்.

1885-ல் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் கூடிய காங்கிரஸின் முதல் மாநாட்டுக்கு 72 பிரதிநிதிகள் வந்தார்கள். வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், ஆசிரியர்கள் என்று படித்து வேலையில் இருந்தவர்களே அதில் அதிகம். தலைமை வகித்த டபிள்யூ.சி. பானர்ஜி கல்கத்தா பாரிஸ்டர். சென்னையிலிருந்து போன ‘தி ஹிந்து’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் அந்த மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர். வக்கீல் சம்பாதிப்பது கோர்ட்டு நடக்கிற நாளில். வழக்கை விட்டுவிட்டு ஒரு வாரம் ஊர் சுற்றினால் கட்சிக்காரர் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்வார். வெள்ளைக்காரன் ஆட்சியில் கோர்ட்டு, கல்லூரி, சர்க்கார் ஆபீஸ் எல்லாம் சேர்ந்தாற்போல் கதவடைக்கும் காலம் ஒன்று உண்டென்றால் அது கிறிஸ்துமஸ்.

அதோடு ரயிலும் வந்துவிட்டிருந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் ரயில் பாதை 1871-ல் ராய்ச்சூரில் இணைந்தது. போக வர நாட்கள், கூடிப் பேச மூன்று நான்கு நாட்கள் என்று கணக்குப் போட்டால் ஒரு முழு விடுமுறை தேவைப்படும். அதனால்தான் காங்கிரஸைத் தொடங்க முன்னின்ற ஹியூம் அனுப்பிய சுற்றறிக்கையிலேயே டிசம்பர் 25 முதல் 31 வரை என்று குறித்திருந்தார்கள். முதலில் இடம் பூனா. அங்கே காலரா கிளம்பியதால் பம்பாய்க்கு மாற்றினார்கள். ஊரை மாற்ற முடிந்தது, வாரத்தை மாற்ற முடியவில்லை. அதற்கு முந்தைய வருஷமே சென்னை மகாஜன சபை தன் முதல் மாநாட்டை 1884 டிசம்பர் 29-ல் தொடங்கி ஜனவரி 2 வரை நடத்தியிருந்தது. அந்தக் கணக்கும் இதேதான்.

“அப்ப மத்ததெல்லாம்?” என்றான்.

திருவிழா என்றால் கூடவே கடைகளும் வரும் இல்லையா, அப்படித்தான். வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில் காங்கிரஸ் கூடும் என்று ஆனதும், மற்ற மாநாடுகளும் அதை ஒட்டி வந்தன. 1887-ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது ரானடே முதலானவர்கள் சமூக சீர்திருத்த மாநாட்டைத் தொடங்கினார்கள். சில வருஷங்கள் காங்கிரஸ் முடிந்த கையோடு அதே பந்தலிலேயே அதுவும் நடந்தது. ஒரே ரயில் டிக்கெட்டில் இரண்டு மாநாடு. 1906-ல் டாக்காவில் முஸ்லிம் கல்வி மாநாட்டுக்கு வந்து கூடியவர்கள்தான் அங்கேயே முஸ்லிம் லீகைத் தொடங்கினார்கள். 1925-ல் சரோஜினி நாயுடு தலைமையில் கான்பூரில் காங்கிரஸ் கூடியபோது, அதே ஊரில் அதே வாரம் கம்யூனிஸ்ட் மாநாடு. தலைமை வகித்தவர் சென்னை சிங்காரவேலர். ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலை விட்டவர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அந்த டிசம்பர் 26-ஐத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

எல்லா டிசம்பரும் அமைதியாகப் போனதில்லை. 1907 டிசம்பர் 27, சூரத். மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் தகராறு முற்றி, மேடையை நோக்கி ஒரு செருப்பு பறந்தது. அது சுரேந்திரநாத் பானர்ஜி மேல் பட்டு, பிரோஸ்ஷா மேத்தா மேலும் விழுந்தது. நாற்காலிகள் பறந்தன, மாநாடு கலைந்தது. தூத்துக்குடி வக்கீல் வ.உ.சி.யும் பாரதியும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தவர்கள். லீவு எடுத்துக்கொண்டு போய்ச் செருப்படிக்கு நடுவில் நின்றிருக்கிறார்கள்.

அவன் சிரித்தான். மாஸ்டரும் சிரித்தார். அடுத்த டீயைச் சொன்னேன்.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். இத்தனை பேர் ஒரு பந்தலில் கூடினால் பாட்டில்லாமல் இருக்குமா? 1896 கல்கத்தா மாநாட்டில் வந்தே மாதரத்தைப் பாடியவர் தாகூர். பதினைந்து வருஷம் கழித்து அதே கல்கத்தாவில் 1911 டிசம்பர் 27, மாநாட்டின் இரண்டாம் நாள், ஜன கண மன முதல்முறையாகப் பொதுமேடையில் ஒலித்தது. ஒரு பாட்டுக்குப் பிறந்தநாள் சொல்லலாம் என்றால் இதைச் சொல்லலாம்.

அந்தப் பிறந்தநாளோடு ஒரு வம்பும் பிறந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், டிசம்பர் 12 அன்று, டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் வங்கப் பிரிவினையை ரத்து செய்திருந்தார். அதற்கு நன்றி சொல்ல காங்கிரஸில் ஒரு தீர்மானம். மன்னரை வாழ்த்தி இந்தியில் வேறொரு பாட்டும் அதே நாளில் பாடப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்பி, தாகூர் மன்னருக்காகப் பாட்டெழுதினார் என்று அச்சடித்துவிட்டன. 1937-ல் தாகூரே கடிதம் எழுதி மறுத்தார். இன்றுவரை அந்தக் குழப்பம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாடப்பட்ட தேதியோடு, அன்று கூட என்னவெல்லாம் நடந்தது என்பதையும் தெரிந்துகொண்டால்தான் இந்த வம்புக்குப் பதில் சொல்ல முடியும்.

டீயைக் குடித்துவிட்டுச் சந்திலிருந்து ரோட்டுக்கு வந்தோம். எதிரே கோர்ட்டின் சிவந்த கோபுரங்கள். இந்தப் பக்கம், அதே சாலையில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். அதைக் காட்டி, “மியூசிக் அகாடமி பிறந்த வீடு இது” என்றேன். அவன் நம்பவில்லை. மியூசிக் அகாடமி என்றால் ராயப்பேட்டைப் பக்கம்தானே?

1927 டிசம்பர் கடைசியில் சென்னையில் காங்கிரஸ் கூடியது. சைமன் கமிஷனைப் புறக்கணிக்க முடிவெடுத்த மாநாடு அது. அதோடு ஒட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. இசைக்கென்று ஒரு நிலையான அமைப்பு வேண்டும் என்ற முடிவு அதில் பிறந்தது. அடுத்த ஆண்டு 1928 ஆகஸ்ட் 18 அன்று, இந்த ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசாமி ஐயர் அகாடமியைத் தொடங்கி வைத்தார். அவர் வக்கீல். அகாடமிக்காக ஓடியாடிய ஈ. கிருஷ்ண ஐயரும் வக்கீல். பகலில் கோர்ட்டில் வாதாடிவிட்டு, சதிராட்டத்துக்கு மரியாதை தேடித் தர தானே பெண் வேடம் கட்டி மேடையில் ஆடியவர். முதல் தலைவர் யு. ராமராவ் மட்டும் டாக்டர்.

டிசம்பர் சீசன் மார்கழியால் வந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மார்கழியும் பஜனையும் பனியும் அதற்குப் பொருந்தி வந்தது உண்மை. ஆனால் விதை விழுந்தது கோர்ட்டு லீவில். தமிழில் கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி மட்டும் இல்லை. கோர்ட்டையும் சர்க்கார் ஆபீஸையும் கச்சேரி என்றுதான் நம் தாத்தாக்கள் சொன்னார்கள். அந்தக் கச்சேரிக்கு லீவு விட்டதால்தான் இந்தக் கச்சேரி களை கட்டியது. 1943-ல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் தன் விழாவை டிசம்பரில்தான் வைத்துக்கொண்டது. அகாடமி விருது வழங்கும் சதஸ், ஜனவரி 1 அன்று, லீவின் கடைசி நுனியில் நடக்கிறது.

“சரி, காங்கிரஸ் இப்ப டிசம்பர்ல கூடுறதில்லையே?” என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

லாகூர், 1929 டிசம்பர் 31. நள்ளிரவில் ராவி ஆற்றங்கரையில் நேரு மூவண்ணக் கொடியை ஏற்றினார். பூரண சுயராஜ்யம்தான் இலக்கு என்று அறிவித்த மாநாடு. பாடப் புத்தகம் அதோடு நின்றுவிடும். அதே மாநாட்டில் இன்னொரு சிறிய தீர்மானமும் நிறைவேறியது. காங்கிரஸ் ஏழை மக்களின் அமைப்பு. டிசம்பர் குளிரில் கூடினால் கம்பளித் துணி வாங்க ஏழைகளுக்குக் கூடுதல் செலவு. ஆகவே மாநாட்டைப் பிப்ரவரிக்கோ மார்ச்சுக்கோ மாற்ற வேண்டும் என்றது அது. அடுத்த மாநாடு 1931 மார்ச்சில் கராச்சியில் கூடியது.

யோசித்துப் பாருங்கள். கோட்டுப் போட்டவர்கள் மட்டும் வந்தவரை டிசம்பர் குளிர் யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. அவர்களிடம் கம்பளி இருந்தது, கோர்ட்டு லீவும் இருந்தது. விவசாயியும் கூலிக்காரரும் வரத் தொடங்கியதும் தேதி மாறியது. விவசாயிக்குக் கோர்ட்டு லீவால் என்ன பயன்? ஓர் இயக்கம் யாருடையதாக இருந்தது, யாருடையதாக மாறியது என்பதைத் தலைவர்களின் பேச்சை விட இந்தத் தேதி மாற்றம் தெளிவாகச் சொல்கிறது. சங்கீதத்துக்கு அந்த நெருக்கடி வரவில்லை. சென்னையில் கம்பளியும் தேவையில்லை. அது டிசம்பரிலேயே தங்கிவிட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டே அவன் நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டான். லாகூர் மாநாட்டுக்குப் பிறகு, நாடெங்கும் சுதந்திர நாள் உறுதிமொழி எடுக்கத் தேதி குறித்தார்கள். ஜனவரியின் கடைசி ஞாயிறு என்று முடிவாயிற்று. 1930-ல் அந்த ஞாயிறு ஜனவரி 26-ல் விழுந்தது. இருபது வருஷம் கழித்து அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வர அந்தத் தேதியையே எடுத்துக்கொண்டார்கள். நம் குடியரசு நாளும் ஒரு லீவு நாளில் பிறந்ததுதான்.