அத்தை வீட்டு ஒன்பது கோழிகள்

"டேய், இங்க வந்து பாரேன்... கோழிங்கள்லாம் டான்ஸ் ஆடுது!"

அத்தை இப்படிக் கத்தியபோது நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

1994. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் வராத காலம். முண்டகக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டி, பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் போகிற ஒரு சந்தில் அத்தை வீடு. கொல்லையில் ஒன்பது நாட்டுக்கோழிகள். காலை ஏழு மணிக்குத் தெம்பாகக் கூண்டைவிட்டுப் போனவை, எட்டு மணிக்குக் கழுத்தை ஒருபக்கமாகத் திருகிக்கொண்டு, இறக்கையைத் தொங்கப்போட்டு, குடிகாரன் மாதிரி தள்ளாடின. வாயில் எச்சில் வழிந்தது. தண்ணீர் தண்ணீராகக் கழிந்தன.

எதிர்வீட்டுப் பாட்டி வந்து பார்த்து, உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "வெள்ளைக் கழிச்சல்! உசுரு இருக்கும்போதே அறுத்துடும்மா. செத்துட்டா காசும் போச்சு, கறியும் போச்சு!"

அத்தைக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. மிளகாய் அரைக்கவே உட்கார்ந்துவிட்டாள்.

தடுத்தவர் மாமா. ஒரு கோழியைத் தூக்கி அலகை மோந்து பார்த்தார். "கரப்பான் மருந்து நாத்தம்ல அடிக்குது?" என்றார். விசாரித்தால், பின்வீட்டுக்காரர் முந்தின ராத்திரி பெருச்சாளிக்காகப் பழைய சோற்றில் பூச்சி மருந்தைப் பிசைந்து மதில் ஓரம் வைத்திருக்கிறார். பெருச்சாளி புத்திசாலி. தொடவே இல்லை!

அதற்குள் நாலு கோழி சாய்ந்துவிட்டது. மிச்சம் ஐந்தைக் கூடையில் போட்டுக்கொண்டு வேப்பேரிக்கு ஓடினோம். 1903-லிருந்து இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரர், "கோழிக்கெல்லாம் மீட்டர் கெடையாது சார்" என்றார். (மனுஷனுக்கு மட்டும் இருந்ததா என்ன?)

அங்கே டாக்டர் கூடையைப் பார்த்தார், மருந்து பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி கோழியைப் பற்றியது இல்லை.

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பேரனுக்கு ஒன்றரை வயசு. காலையில் கோழியைத் துரத்திக்கொண்டு அந்த மதில் ஓரம்தான் திரிவான். கையில் கிடைத்தது வாய்க்குப் போகிற வயசு.

மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துக்கு நான் ஓடின ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது.

அது கிடக்கட்டும், கோழிகள் ஏன் ஆடின? அந்த பாட்டிலில் இருந்தது டைகுளோர்வாஸ். ஆர்கனோபாஸ்பேட் என்கிற பெரிய குடும்பம். மாலத்தியான், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் அதற்கு அண்ணன் தம்பிகள். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ சேதி சொல்ல, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை அனுப்பும். சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்துவிட கோலினெஸ்டரேஸ் என்று ஒரு என்ஸைம் உண்டு. மருந்து அந்த என்ஸைமின் கையைக் கட்டிப் போட்டுவிடுகிறது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், வெளியே போகத்தான் வழியில்லை. மூளையில் இந்த நெரிசல் வந்தால் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு. குடலில் வந்தால் எச்சிலும் கழிச்சலும். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் தசை ஓய்ந்துபோனால் கதை முடிந்தது.

இதே விஷத்தைக் கொஞ்சம் சமாளிக்க மனுஷன் ரத்தத்திலும் எலி ரத்தத்திலும் ஒரு காவல் என்ஸைம் இருக்கிறது. பறவைகளுக்கு அது ரொம்பக் குறைச்சல். 2018-ல் மதுரைப் பக்கம் நாற்பதுக்கும் மேல் மயில்கள் விஷம் கலந்த தானியத்தால் ஒரே நாளில் செத்துக் கிடந்ததாகச் செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மயிலும் கோழிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். மயிலையில் உட்கார்ந்துகொண்டு அதைப் படிக்க என்னவோ போலிருந்தது.

பாட்டி சொன்னதும் முழுத் தப்பு இல்லை. வெள்ளைக் கழிச்சலும் மூளையையும் குடலையும்தான் தாக்கும். அதிலும் கழுத்து திருகும், கழியும். ஆனால் அது கிருமி. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு என்று பரவும். தடுப்பூசி உண்டு. விஷமோ, தின்றதையெல்லாம் ஒரே மணி நேரத்தில் சாய்க்கும். அறுத்துப் பார்த்தால் கழிச்சல் நோயில் கந்தனக்காய்க்கு முன்னால் இருக்கும் இரைப்பைச் சுவரில் ரத்தப் புள்ளிகள் தெரிவதுண்டு. விஷத்தில் தீனிப்பை நிறைய அந்தச் சோறே இருக்கும், குடல் சிவந்திருக்கும். மூளையைப் பார்த்தால் மட்டும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது! லேபில் அதன் கோலினெஸ்டரேஸை அளந்து, வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால்தான் 'விஷம்தான்' என்று அடித்துச் சொல்வார்கள்.

நரம்பு விஷயத்தில் கோழிக்கு உலகப் புகழே உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம், 1930. போதைக்காக இஞ்சிச் சாற்றைக் குடித்த ஆயிரக்கணக்கான பேருக்குக் கால் விளங்காமல் போனது. அதில் கலந்திருந்த ஓர் ஆர்கனோபாஸ்பேட் எண்ணெய்தான் காரணம். எலிக்கு அவ்வளவாக வராத அந்த முடக்குவாதம் கோழிக்கு அப்படியே வந்தது. அதனால் இந்தக் குடும்பத்து மருந்துகளைச் சோதிக்க, வளர்ந்த முட்டைக் கோழிக்குக் கொடுத்து 21 நாள் கால் தள்ளாடுகிறதா என்று பார்க்கிற முறை சர்வதேச விதியாகவே ஏறிவிட்டது. விஷம் குடித்துப் பிழைத்த கோழியும், சில மருந்துகளில், இரண்டு வாரம் கழித்து நொண்ட ஆரம்பிக்கலாம்.

சரி, அத்தை அந்தக் கோழியைக் குழம்பு வைத்திருந்தால்? 'கொதிச்சா விஷம் போயிடும்' என்று நம்புகிறவர்கள் நிறைய. கேரளாவில் 1958-ல் ஃபாலிடால் பட்ட கோதுமை மாவைச் சாப்பிட்டவர்களும் அதைச் சமைத்துத்தான் சாப்பிட்டார்கள். நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு விசாரணை, கமிஷன் எல்லாம் நடந்து, பூச்சிமருந்துச் சட்டம் வர 1968 ஆயிற்று. டைகுளோர்வாஸுக்குத் தடை வந்தது இன்னும் தாமதம், 2020 டிசம்பர் 31. பரணில் பழைய பாட்டில் இருந்தால் ஒருமுறை பாருங்கள்.

வேப்பேரியில் போட்டது அட்ரோபின் ஊசி. ஊமத்தையில் இருக்கிற அதே சரக்கு. (அதற்காக யாரும் ஊமத்தங்காயை அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள், அது தனி விஷம்.) ஐந்தில் மூன்று போய், இரண்டு பிழைத்தன.

போனை எடுத்தது பக்கத்து வீட்டு மாமி. "புள்ள தூங்கிட்டிருக்கான், எச்சில் கிச்சில் ஒண்ணும் வழியலை, நல்லாத்தான் இருக்கான்" என்று அவர் சொல்லி முடிக்கும்வரை அத்தை என் தோளைப் பிடித்திருந்த பிடி, ரெண்டு நாள் வலித்தது.

செத்ததையெல்லாம், நாயும் காக்காயும் கிளறாதபடி மாமா ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். அரைத்து வைத்த மிளகாய் கத்தரிக்காய்க் குழம்பாகிவிட்டது. ஒரு வாரத்தில் பிழைத்த கோழி ஒன்று முட்டை வைத்தது. பாட்டி கை நீட்டினாள். அத்தை கொடுக்கவில்லை. அதையும் குழியில்தான் போட்டாள்.