பெருங்குடலின் தீங்கற்ற நிணத்திசு வளர்ச்சிகள்: அகநோக்கித் தோற்றமும் திசுவியல் கூறுகளும்

ஆய்வுச் சுருக்கம்

பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றில் தோன்றும் தீங்கற்ற நிணத்திசு வளர்ச்சிகளின் அகநோக்கித் தோற்றத்தையும் திசு அமைப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. தோற்றத்தை மட்டும் கொண்டு இவற்றை உறுதிசெய்ய இயலாது என்பதும், போதிய ஆழமுள்ள திசுச்சோதனை இன்றியமையாதது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

முன்னுரை

நிணத்திசு குடலுக்கு அயலானது அன்று. உணவுடனும் நுண்ணுயிரிகளுடனும் ஓயாது தொடர்புகொள்ளும் குடற்சுவரில் நோயெதிர்ப்புக்கென நிணத்திசு முடிச்சுகள் இயல்பாகவே அமைந்துள்ளன. அவை மிகையாகப் பெருகும்போது சளிப்படலத்தை உயர்த்திப் பாலிப் போலக் காட்சியளிக்கின்றன.

அகநோக்கித் தோற்றம்

இவ்வளர்ச்சிகள் இரு வடிவங்களில் காணப்படுகின்றன. தனித்த வடிவம் மலக்குடலில் மிகுதி. அது பெரும்பாலும் காம்பற்றது. வழவழப்பான மேற்பரப்பும் வெளிறிய அல்லது மஞ்சள் சாயலும் கொண்டது. பரவிய வடிவத்தில் 2 முதல் 10 மி.மீ. வரையிலான சிறு முடிச்சுகள் பலவாகத் தோன்றுகின்றன. சில முடிச்சுகளைச் சுற்றிச் சிவந்த வளையம் தென்படும். இவ்வடிவம் குழந்தைகளிடம் மிகுதி. உணவு ஒவ்வாமை, ஜியார்டியா தொற்று, நோயெதிர்ப்புக் குறைபாடு ஆகியவற்றோடும் தொடர்புடையது.

திசுவியல் கூறுகள்

நுண்ணோக்கியில் சளிப்படலத்திலும் அதன் அடிப்படலத்திலும் நிணத்திசு முடிச்சுகள் தெளிவான எல்லையுடன் காணப்படுகின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் பி-செல்கள் பெருகும் முளைமையம் இருக்கும். அதைச் சிறிய நிணச்செல்களாலான உறை வளையம் சூழ்ந்திருக்கும். முளைமையத்தில் இறந்த செல்களின் சிதைவுகளை விழுங்கிய பெருவிழுங்கிகள் காணப்படுவது தீங்கற்ற தன்மைக்குச் சான்றாகும். தசையடுக்கு பாதிக்கப்படுவதில்லை. நோயெதிர்ப்புச் சாயமேற்றலில் முடிச்சுகளில் சிடி-20 கொண்ட பி-செல்களும் இடைப்பகுதியில் சிடி-3 கொண்ட டி-செல்களும் அமைகின்றன. முளைமையச் செல்களில் பிசிஎல்-2 புரதம் காணப்படாது.

வேறுபடுத்தி அறிதல்

பிழை இரு திசைகளில் நேரக்கூடும். பரவிய நிணத்திசு முடிச்சுகளைப் பரம்பரை அடினோமா பாலிப் நோயாகக் கருதினால், ஒரு குழந்தைக்குத் தேவையற்ற பெருங்குடல் நீக்க அறுவை நேரலாம். அந்நோய் உள்ளவரிடமும் நிணத்திசு முடிச்சுகள் இருக்கக்கூடும் என்பதால், ஓரிடத்துத் திசு மட்டும் போதாது. மறுதிசையில், நிணப்புற்றைத் தீங்கற்றதெனக் கருதும் பிழை உண்டு. உறைசெல் நிணப்புற்றும் குடலில் பல பாலிப்களாகத் தோன்றவல்லது. அதில் பெரும்பாலும் சைக்ளின் டி-1 புரதம் வெளிப்படும். முடிச்சுவகை நிணப்புற்றின் முளைமையங்களில் பிசிஎல்-2 பொதுவாகக் காணப்படும். சளிப்படலம் சார்ந்த நிணப்புற்றில் புற்றுச்செல்கள் சுரப்பிகளை ஊடுருவிச் சிதைக்கின்றன.

இடுக்கியால் மேலோட்டமாக எடுக்கப்படும் திசுவில் அடிப்படலம் இடம்பெறாது போகலாம்; செல்கள் நசுங்கி அமைப்பும் மறையலாம். அந்நிலையில் ஆழமான திசுவோ முழுமையாக நீக்கப்பட்ட பாலிப்போ தேவைப்படும்.

முடிவுரை

தீங்கற்ற நிணத்திசு வளர்ச்சிக்குப் பொதுவாக அறுவை வேண்டுவதில்லை. ஆயினும் அம்முடிவுக்கு வர, அகநோக்கித் தோற்றம், திசு அமைப்பு, சாயமேற்றல் ஆகிய மூன்றும் ஒத்திசைய வேண்டும். அவை முரண்படுமிடத்து மீண்டும் திசு எடுப்பதே தக்கது.