அயோடினைத் தேடும் புற்றுநோய்

“புற்று பரவிவிட்டது” என்று மருத்துவர் சொன்னவுடன், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிய பின்னரும், மருந்து தானே தேடிச் சென்று தாக்கக்கூடிய புற்றுநோய் ஒன்று உண்டு. அது தைராய்டுச் சுரப்பியில் தோன்றுவது. அது எவ்வாறு என்று காண்போம்.

சுரப்பியின் பழக்கம்

தைராய்டு, கழுத்தின் முன்புறம் அமைந்த சிறிய சுரப்பி. உணவின் வழியே வரும் அயோடினை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து ஹார்மோன் செய்வது இதன் வேலை. வேறு எந்த உறுப்பும் அயோடினை இந்த அளவுக்குத் தேக்கி வைப்பதில்லை.

ஆரணியை அடுத்த எங்கள் சேவூரில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டுக்குரிய அமிலச் சாயத்தில் பட்டு நூலையும் பருத்தி நூலையும் சேர்த்து முக்குங்கள். பட்டு சாயத்தைப் பற்றிக்கொள்ளும். பருத்தியில் ஏறியது அலசும்போது பெரும்பாலும் போய்விடும். சாயம் ஒன்றே, ஏற்கும் பொருள்தான் வேறு.

தைராய்டுப் புற்றின் பெரும்பாலான வகைகளில், புற்றணுக்கள் தாய்ச் சுரப்பியின் இப்பழக்கத்தை முற்றிலும் மறப்பதில்லை. நுரையீரலில் குடியேறினாலும் அவை அயோடினை இழுக்கின்றன. அந்த அயோடின் கதிரியக்கம் உள்ளதாக இருந்தால்?

முதல் சான்று

நியூயார்க்கில் ஒரு நோயாளிக்குத் தைராய்டை அறுத்தெடுத்த பின்னும் உடலில் தைராய்டு ஹார்மோன் மிகுந்திருந்தது. பரவிய கட்டிகளே அதனைச் சுரந்தன! மருத்துவர் சாமுவேல் சைட்லின் 1943-இல் அவருக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். கட்டிகள் அதனை ஏற்றன. நோயின் கடுமை தணிந்தது. இம்முடிவுகள் 1946-இல் வெளியாயின.

அயோடின்-131

இன்று பயன்படுவது அயோடின்-131. டெல்லூரியத்தை அணு உலையில் நியூட்ரான்களால் தாக்கி இதனைப் பெறுகிறார்கள். நம் நாட்டில் டிராம்பேயில் இது உருவாக்கப்படுகிறது. இதன் அரை ஆயுள் 8 நாள். அதாவது 8 நாளில் பாதி, 16 நாளில் கால் பங்கு, 80 நாளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். உடலில் தங்காத பெரும் பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும்.

இது இருவகைக் கதிர்களை வீசுகிறது. பீட்டா துகள்கள் திசுவில் 2 மில்லிமீட்டர் அளவே பாய்கின்றன; ஆகவே அயோடினை ஏற்ற அணுக்களும் அவற்றை ஒட்டியவையுமே அழிகின்றன. காமாக் கதிர்கள் உடலைவிட்டு வெளியே வருவதால், புற்று எங்கெங்கே உள்ளது என்பதைக் கருவியால் படம் பிடிக்கலாம்.

சிகிச்சை முறை

முதலில் அறுவையால் தைராய்டு அகற்றப்படுகிறது. இல்லையேல் அதுவே அயோடின் முழுவதையும் விழுங்கிவிடும். பிறகு சில வாரம் ஹார்மோன் மாத்திரையை நிறுத்துவார்கள், அல்லது அதற்கு ஈடான ஊசி போடுவார்கள். அயோடின் குறைந்த உணவு தருவார்கள். பசித்த அணுக்களுக்குக் கதிரியக்க அயோடின் கிடைக்கிறது. பரவிய நோய்க்குப் பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிகியூரி வரை வாய்வழியே கொடுக்கப்படுகிறது. நோயாளி சில நாள் தனியறையில் இருக்க வேண்டும். பின்னர் ஆயுள் முழுதும் ஹார்மோன் மாத்திரை தேவை. சேவூரிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இச்சிகிச்சை உண்டு.

வீடு திரும்பியவரை அஞ்சி ஒதுக்கலாமா? கூடாது. தொலைவு இருமடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும் என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். மருத்துவர் குறிக்கும் நாள்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் சற்று விலகியிருந்தால் போதும். அதன்பின் அவர் தறியில் அமரலாம். பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

எல்லை

நுரையீரலில் சிறு புள்ளிகளாகப் பரவிய நோய் இதற்கு நன்கு கட்டுப்படுகிறது. சிலருக்கு முழுதும் மறைகிறது. எலும்பில் பரவியது அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. சில புற்றணுக்கள் நாளடைவில் அயோடினை ஏற்கும் பழக்கத்தை இழந்துவிடுகின்றன. அவற்றுக்குச் சோராஃபெனிப், லென்வாடினிப் போன்ற மருந்துகள் உள்ளன. அவை பெரும்பாலும் நோயைச் சில காலம் தடுத்து நிறுத்துபவையே.

ஆகவே, கழுத்தில் கட்டி தென்பட்டால் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பரவிவிட்டது என்று கேட்டாலும் கலங்கிப் பின்வாங்காதீர்கள். “எந்த வகைப் புற்று? அது அயோடினை ஏற்கிறதா?” என்று கேளுங்கள். சிகிச்சையின் போக்கு அந்த விடையைப் பொறுத்தே அமைகிறது.