ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?

பால் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி காலண்டரில் குறித்திருக்கும். காப்பிப் பொடி இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லி விடுவீர்கள். ஆனால், ஒரு கிலோ உப்புப் பாக்கெட் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டால்? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் விழிக்கிறார்கள். உப்பு மலிவான சரக்கு. அதனால்தான் அதற்குக் கணக்கு இல்லை போலும்!

கணக்கை இப்போதே போட்டு விடுவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் 25 நாளில் பாக்கெட் காலியாகிறதா? பதற வேண்டாம், நம் நாட்டில் பலருடைய கணக்கு அதுதான். ஆளுக்குச் சுமார் 10 கிராம்! கடை ஊறுகாய், ஹோட்டல் சாம்பார், பிஸ்கட், சிப்ஸ் இவற்றில் உள்ள உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் சேரவே சேராது.

உப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் என்ன சம்பந்தம்? உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும் குணம் உடையது. உடம்பில் உப்பு மிகுந்தால் ரத்தக் குழாய்களில் ஓடும் நீரின் அளவும் கூடுகிறது. குழாய் அதே குழாய்; ஓடுவது அதிகம். அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

'ரத்தக் கொதிப்பு' என்று நாம் வைத்த பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிற பெயர். கோபக்காரர்களுக்கு வருவது, முகம் சிவந்து கத்துகிறவர்களுக்கு வருவது என்று அது நினைக்க வைக்கிறது. கோபத்தில் அழுத்தம் ஏறுவது உண்மைதான். கோபம் தணிந்ததும் இறங்கியும் விடும். ஆனால் பரம சாதுவாக, குரலை உயர்த்தாமல் குடும்பம் நடத்தும் பெண்மணிக்கும் 160/100 இருக்கலாம். தலைவலி, மயக்கம் ஒன்றும் இராது. அதுதான் இந்த வியாதியின் சாமர்த்தியம். வருஷக் கணக்கில் சத்தமில்லாமல் இருதயத்தையும், சிறுநீரகத்தையும், மூளைக்குப் போகும் நாளங்களையும் கெடுத்து வைத்து, ஒரு நாள் காலையில் வாய் கோணிக் கை விளங்காமல் போகும்போதுதான் தன்னைக் காட்டிக் கொள்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் 100-க்கு 21 பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம். ஆண்களில் 24 பேருக்கு.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை விடவா ஒருவருக்கு நல்ல வைத்தியம் கிடைத்திருக்கும்? 1944-ல் இருதய டாக்டர் ஒருவர் அவரைச் சோதித்தபோது அழுத்தம் 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12-ம் தேதி, "தலை பயங்கரமாக வலிக்கிறது" என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்ததில் 300/190. அன்றே காலமானார். வயது 63. அந்த நாளில் ரத்த அழுத்தத்தைக் குறைக்க உருப்படியான மாத்திரை கிடையாது.

அதே காலத்தில், அதே நாட்டில், டியூக் சர்வகலாசாலையில் வால்டர் கெம்ப்னர் என்ற டாக்டர் விசித்திரமான ஒரு வைத்தியம் செய்து கொண்டிருந்தார். ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்தவர். அவர் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? சோறு! வெறும் சோறும், பழமும், சர்க்கரையும். அவருடைய ஜெர்மன் உச்சரிப்புப் புரியாமல் ஒரு பெண்மணி, இரண்டு வாரத்தில் திரும்பி வரச் சொன்னதை இரண்டு மாதம் என்று எடுத்துக் கொண்டு, இரண்டு மாதமும் அதையே சாப்பிட்டு விட்டு வந்து நின்றாராம். டாக்டரே திகைக்கும் அளவுக்கு அழுத்தம் இறங்கியிருந்ததாம். உடனே "நாம் மூன்று வேளையும் சோறுதானே!" என்று பெருமைப்பட்டுக் கொள்ளாதீர்கள். அந்தச் சோற்றில் ஒரு கல் உப்புக் கிடையாது; குழம்பு இல்லை, ஊறுகாய் இல்லை. பெருமை அரிசிக்கு அல்ல, இல்லாத உப்புக்கும் இளைத்த உடம்புக்கும்தான். அந்தப் பத்தியத்தை இன்று யாரும் தாங்க வேண்டியதில்லை.

நம் சமையலறையில் உப்பு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது, பாருங்கள். ஊறுகாய், கருவாடு, வடாம் இவை தெரிந்த திருடர்கள். உப்பு மோரில் ஊறிக் காய்ந்த மோர் மிளகாயும் அந்தக் கூட்டம்தான். அப்பளம் கொஞ்சம் தந்திரக்காரன்: உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதிலும் சோடியம்தான். பஜ்ஜி மாவில் போடும் சமையல் சோடாவும் அப்படியே. "நாங்கள் இந்துப்பு அல்லவா போடுகிறோம்!" என்று சிலர் சொல்கிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்; நிறம் வேறு, விலை வேறு, அவ்வளவே. போதாக்குறைக்கு, அயோடின் சேர்த்த உப்பின் பலனும் அதில் இல்லை.

குறைப்பது எப்படி? ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் புரட்சி வெடிக்கும். கைப்பிடியில் அள்ளிப் போடுவதை விட்டு ஸ்பூனால் அளந்து போடுங்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிக் கொள்ளும். பிறகு பழைய அளவு கரிக்கும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்துமல்லி இவையெல்லாம் உப்பின் குறையை மறைக்கப் பிறந்தவை. வடிக்கிற சோற்றில் உப்பு எதற்கு? மோரில் எதற்கு?

இங்கே எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. பல வீடுகளில் அவருக்கு ரத்தக் கொதிப்பு என்றதும் அவருக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் உப்பில்லாத குழம்பு எடுத்து வைக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பழைய குழம்பு. அவர் பரிதாபமாகப் பக்கத்து இலையைப் பார்க்கிறார்! ஒரே குழம்பை எல்லோருக்கும் அளவாக வையுங்கள். அடுப்படி வேலையும் மிச்சம், பிள்ளைகளின் நாக்கும் சிறு வயதிலேயே திருந்தும்.

உப்பைக் குறைப்பது ஒரு பாதி. மறு பாதி பொட்டாசியம். வாழைப்பழம், கீரை, பயறு, இளநீர் இவற்றில் அது நிறைய. சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் முடிவு வெளியான ஆராய்ச்சியில், சோடியத்தில் கால் பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் நூற்றுக்கு 14 வீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உப்பும், அதிகப் பொட்டாசியமும் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உடம்பு பருமனானவர்கள் ஒரு கிலோ எடை குறைத்தால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். "நாள் பூராவும் வீட்டு வேலைதானே, நடை வேறா?" என்பீர்கள். ஆட்டுக்கல்லையும் அம்மியையும் மிக்ஸி வாங்கிக் கொண்டு விட்டது. மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி அரை மணி வேக நடை, வாரத்தில் ஐந்து நாள் வேண்டும். தூக்கமும் அப்படியே. கடைசியாகப் படுத்து முதலில் எழுகிற பெண்ணுக்கு அழுத்தம் ஏறுவதில் ஆச்சரியம் இல்லை. பலமாகக் குறட்டை விடுகிறவர்களை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பெண்களுக்கென்று சில விஷயங்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறியிருந்தால், பிற்காலத்தில் மீண்டும் வர வாய்ப்பு அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகும் ஏறுகிறது. கர்ப்பத்தடை மாத்திரைகளில் சில ஏற்றும். முழங்கால் வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் பல பேருக்கு அழுத்தத்தை ஏற்றுகின்றன. இது பலருக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்து அழுத்தம் இறங்கி விட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்தக் கூடாது. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரின் வேலை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட வைப்பதே அதன் நோக்கம்.

வீட்டில் அவருக்கென்று வாங்கிய கருவி இருக்கிறது அல்லவா? அதில் உங்கள் கையையும் வையுங்கள். காப்பி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். கை மேஜை மீது, மார்பின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தரம் அளந்து, காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். வீட்டில் அளப்பது அடிக்கடி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், காஸ் தேதி எழுதிய அந்தக் காலண்டர் தாளோடு டாக்டரிடம் போங்கள்.