கிரிவலப் பாதையும் தொலைபேசி வைத்தியமும்

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே, ஆதி அருணாசலேசுவரர் ஆலயத்தைச் சார்ந்திருக்கும் அடி அண்ணாமலையைப் பௌர்ணமி இரவில் மட்டும் பார்த்தவர்கள், பக்தர்களையும் கடைக்காரர்களையும் தவிர அங்கே வேறு மனிதர் இல்லை என்றே எண்ணிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். ஜனசந்தடி ஓய்ந்த பிறகும் பாதையோரத்தில் தங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர்களும், பிள்ளைகள் கைவிட்டதனால் அன்னதானத்தை நம்பி வந்து சேர்ந்த முதியவர்களும், காவி கட்டிய பலரும் அவர்களில் அடங்குவர். அந்தக் காவிக்குள்ளே ஞானத்தினால் மௌனமாயிருப்பவர் யார், மனோவியாதியினால் மௌனமாயிருப்பவர் யார் என்று பிரித்தறிய ஊராருக்கு அவகாசமும் இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை.

கைபேசிக்குள் வந்த வைத்தியர்

2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாடும் இடம்பெற்ற 12 மாநிலங்களை ஆராய்ந்தபோது, வயது வந்தவர்களில் 10.6 சதவிகிதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதும், நோயின் வகைக்கேற்ப அவர்களில் 70 முதல் 92 சதவிகிதம் வரையிலானோர் சிகிச்சையே பெறாதிருப்பதும் தெரியவந்தன. மனநல மருத்துவர்களோ லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. இந்தப் பள்ளத்தை ஓரளவேனும் நிரப்பும் பொருட்டு 2022 அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல தினத்தன்று, மத்திய அரசு ‘டெலி மானஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் தமிழ்நாட்டிலும் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் அழைக்கலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவரால் தீராததை மனநல மருத்துவரிடம் ஒப்படைப்பார். நேரில் பார்க்க வேண்டிய நிலைமையானால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார். ஏற்பாடு உயர்ந்தது என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

இலவசம் என்றால் எல்லோருக்கும் எட்டுமா?

ஆயினும் அந்த இருபது மொழிகளிலே நரிக்குறவர்களின் தாய்மொழியான வாக்ரிபோலி இல்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவே 2022 டிசம்பரில்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது என்னும்போது, எழுத்து வடிவமில்லாத அவர்களுடைய மொழியை ஒரு தொலைபேசி நிலையம் நினைவில் வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவர்கள் தமிழ் பேசுவார்களே என்று கேட்கலாம். நன்றாகவே பேசுவார்கள், ஆனால் பேரம் பேசுவதற்குப் பழகிய பாஷையிலே, மனமுடைந்த நடுநிசியில், முகந்தெரியாத ஓர் உத்தியோகஸ்தரிடம் தன் துக்கத்தைச் சொல்லுவது யாருக்குத்தான் சாத்தியம்? உத்தியோகஸ்தர் என்றாலே போலீசார் என்று எண்ணப் பழகிவிட்ட இருளர் பழங்குடிக் குடும்பங்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். காது கேளாதவருக்கோ, குரலை மட்டுமே நம்பிய எந்தச் சேவையும் அடைத்த கதவுதான். இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு மொழிச் சங்கடம் இல்லை. மலைமடிப்புகளில் சிக்னல் கிடைப்பதுதான் சங்கடம்.

பெண்களின் நிலைமை தனியே சொல்லத்தக்கது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசியை உடைய இந்தியப் பெண்கள் 54 சதவிகிதம். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 33 சதவிகிதம். தமிழ்நாட்டின் கணக்கு இவற்றைவிட மேலானதே. என்றாலும் ஒரே அறையில் குடியிருக்கும் குடும்பத்தில், கணவனுடைய போனை வாங்கிக்கொண்டு, மாமியார் காதில் விழும்படி, அந்தக் கணவனால் நேர்ந்த மனவேதனையைச் சொல்ல வேண்டிய பெண்ணுக்கு எண் இலவசமாயிருப்பதனால் மட்டும் என்ன லாபம்? செயலி, காணொளி என்று ஒவ்வொரு புதுமை வரும்போதும் நகரவாசிகளாகிய நாம் மகிழ்கிறோம். சாதாரண பட்டன் போனிலும் பேசக்கூடிய ஒரு குரல் அழைப்பே அவை எல்லாவற்றையும்விட நியாயமான கருவி என்பது என் கட்சி.

புதுக்கோட்டைப் பேருந்து

இவ்விஷயத்தில் வழிகாட்டி வெளிதேசத்தில் இல்லை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரென்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. அதன் உள்ளே ஒரு சிறு ஆலோசனை அறை, அதிலொரு திரை, திரையில் சென்னையிலிருந்து பேசும் வைத்தியர், பக்கத்திலேயே மருந்தகம். நோயாளி கிராமத்தை விட்டு நகராமலே வைத்தியரைக் கண்டு, மருந்தையும் கையோடு வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வழி ஏற்பட்டது. ஆனால் அந்த வண்டியைப் பயனுள்ளதாக்கியவர்கள், என் கருத்தில், அதே வட்டாரத்தில் பயிற்சி கொடுத்து நியமிக்கப்பட்ட களப்பணியாளர்களே. எந்த வீட்டில் யாரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் திரைக்குத் தெரியாது. தெருவிலே நடக்கிறவருக்குத்தான் தெரியும். அடி அண்ணாமலைக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். வாக்ரிபோலி பேசும் ஒரு நரிக்குறவப் பெண்ணையே தேர்ந்தெடுத்து, பயிற்சியும் சம்பளமும் ஒரு கைபேசியும் கொடுத்தால், பெரிய கட்டடங்கள் செய்யாததை அவள் செய்துகாட்டுவாள்.

சட்டம் நம் பக்கம்

2018 மே மாதத்தில் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சாதி, மதம், பால், வர்க்கம், பண்பாடு என்ற எந்த வேற்றுமையுமின்றி அரசு மனநல சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. தெருவில் திரியும் நோயாளி தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தியற்றவர் என்று காவல்துறையினர் கருதினால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் அடைக்கவே கூடாது. பாதையோரத்தில் தன்னினைவின்றிக் கிடப்பவரைக் கண்டு ‘சாமியார்’ என்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

எப்போது அழைப்பது?

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, காரணமற்ற அழுகை, செய்துவந்த வேலையில் முற்றிலும் விருப்பமின்மை ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். பிறருக்குக் கேளாத குரல்கள் தனக்குக் கேட்பதாகச் சொல்வதும், யாரோ தன்னை ஒழிக்கச் சதி செய்வதாக அஞ்சுவதும் சிகிச்சைக்குரிய நோயின் அடையாளங்கள். பூசை செய்ய விரும்புகிறவர்கள் பூசையும் செய்யட்டும். மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம். சாவைப் பற்றி ஒருவர் பேசினால் அதை விளையாட்டாக எண்ணாமல், அவரைத் தனியே விடாமல், அப்போதே 14416ஐ அழையுங்கள். அபாயம் நெருங்கிவிட்டதென்றால் 108.

உங்களிடம் போன் இருந்து, அண்டையில் இருப்பவரிடம் இல்லையென்றால், எண்ணை நீங்களே அழைத்துப் போனை அவர் கையில் கொடுங்கள். உயிருக்கு அபாயமில்லாத சமயமானால், அவர் பேசி முடிக்கும் வரை சற்று எட்டிப்போய் நில்லுங்கள்.